சம்மர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி? ஒருமுறை கோட்டை விட்டவளின் செய்முறை

நவம்பர் பிறந்தால் போதும், ஜூனியர் பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதிரி வாட்ஸ்அப் வந்துவிடும்: "அக்கா, சம்மர் ஃபெல்லோஷிப் நீங்க எப்படிப் போட்டீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன். முதல் வருடம் கோட்டை விட்டேன், அடுத்த வருடம் கிடைத்தது. நடுவில் என் மார்க் ஏறவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் சொல்வது மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம். 1934ல் சி.வி. ராமன் பெங்களூருவில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் இருக்கும் தேசிய அறிவியல் அகாடமி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்தான். தேர்வானால் ஏதாவது ஒரு ஆய்வகத்தில், விஞ்ஞானி ஒருவரிடம் இரண்டு மாதம் வேலை. உதவித்தொகை உண்டு, போய்வர ரயில் செலவும் உண்டு. கல்லூரி ஆசிரியர்களும் போடலாம், பல மேடம்களுக்கே இது தெரியாது. தொகை, தகுதி, கடைசித் தேதி மூன்றையும் அந்த வருட அறிவிப்பில் மட்டும் பாருங்கள். டெலிகிராம் குரூப்பில் சுற்றும் போஸ்டர் பெரும்பாலும் போன வருடத்தது.

படி 1: படிவத்தைத் திறக்காதீர்கள், முதலில் ஆசிரியரைப் பாருங்கள்

எல்லாரும் முதலில் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, பெயர், முகவரி, மார்க் என்று நிரப்ப உட்காருவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ராத்திரி உட்கார்ந்து எல்லாம் முடித்து, பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியர் மின்னஞ்சல் கேட்ட இடத்தில் துறைத் தலைவர் சாருடையதைப் போட்டேன். பெரிய பதவி, பெரிய மரியாதை என்று நினைப்பு. மறுநாள் காரிடாரில் பார்த்து, "சார், ஒரு லிங்க் வரும் சார்" என்றேன். "சரிம்மா" என்றார்.

கடிதத்தை ஏற்றுவதற்கான லிங்க் போனது கல்லூரி கொடுத்த மின்னஞ்சலுக்கு. அதை அவர் திறப்பதே இல்லை என்பது எனக்குத் தெரியாது. இன்னொரு முறை நினைவூட்டக் கூச்சம். "சார்கிட்ட ரெண்டு தடவை எப்படிக் கேக்குறது" என்று பத்து நாள் தள்ளிப் போட்டேன். கடைசித் தேதி போனது. தேர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லாமல் போனபிறகு, ஏன் என்று உள்ளே போய்ப் பார்த்தால், கடிதம் வரவே இல்லை. ராத்திரி உட்கார்ந்து எழுதியதை யாரும் படித்திருக்கக்கூட மாட்டார்கள்.

அதனால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஆசிரியரைப் பிடியுங்கள். யாரை? பதவியைப் பார்க்காதீர்கள், உங்களை லேபில் பார்த்தவரைப் பாருங்கள். இரண்டாம் வருடம் நான் போனது எங்கள் எலக்ட்ரானிக்ஸ் லேப் மேடத்திடம். வேலையில் சேர்ந்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் என் சர்க்யூட் புகைந்த நாளில் பக்கத்தில் நின்றவர் அவர்தான். எந்த ஒயரை மாற்றிச் செருகியிருந்தேன் என்று நானே தேடிக் கண்டுபிடித்ததும் அவருக்குத் தெரியும்.

நம் ஊர்ப்பக்கம் ஒரு பெரிய குழப்பம் உண்டு. பரிந்துரைக் கடிதம் என்றதும் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். "இவர் எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரிந்தவர், ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி." அதைப் படிக்கிற விஞ்ஞானிக்கு அதில் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இந்தப் பிள்ளையைத் தனியாக ஒரு வேலையில் விட்டால் என்ன செய்யும்? மாட்டிக்கொண்டால் அழுமா, தேடுமா?

ஆகவே ஆசிரியரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். அவரிடம் படித்த பாடங்கள், எடுத்த மார்க், அவர் லேபில் செய்த ஒரு வேலை, அதில் தப்பாகப் போனது எது, எப்படிச் சரிசெய்தீர்கள், இந்தத் திட்டத்தில் என்ன செய்ய ஆசை, கடைசித் தேதி. அவ்வளவுதான்.

பிறகு கூச்சப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "மேடம், நீங்க போன்ல தினமும் பாக்குற மெயில் ஐடி எது?" கல்லூரி ஐடியைத் திறக்கிறவர் என்றால் அதையே கொடுங்கள், பார்வைக்குக் கௌரவமாக இருக்கும். திறக்காதவர் என்றால், கௌரவத்தை விடத் திறப்பது முக்கியம். லிங்க் வருகிற அன்றைக்குப் பக்கத்தில் இருங்கள், ஸ்பாமிலும் தேடச் சொல்லுங்கள்.

நினைவூட்ட நான் அனுப்பிய செய்தி இதுதான். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம் மேடம். அகாடமி ஃபெல்லோஷிப் கடிதத்துக்கான லிங்க் உங்கள் ஜிமெயிலுக்கு இன்று வந்திருக்கும். கடைசித் தேதிக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது. நேரம் இருக்கும்போது பாருங்கள் மேடம். எதுவும் தேவைப்பட்டால் லேபுக்கு வருகிறேன்."

நாள் கணக்கைப் போட்டுவிட்டால் இரண்டாம் முறை கேட்பதில் கூச்சமே இருக்காது. "இன்னும் 4 நாள்" என்று மாற்றி அனுப்பினால் போதும்.

சில சார்கள், "நீயே எழுதிட்டு வா, சைன் போட்டுத் தரேன்" என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். உங்கள் சொந்தக் கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், அதோடு அது நேர்மையும் இல்லை. "சார், பாயின்ட்ஸ் எழுதிட்டு வந்திருக்கேன், பத்து நிமிஷம் உக்காந்து சொன்னீங்கன்னா டைப் பண்ணிடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வாயால் சொல்வது அவர் கடிதமாகவே இருக்கும். டைப் செய்ததை அவரே படித்துத் திருத்தி, அவரே ஏற்றட்டும்.

படி 2: "சிறு வயது முதலே" என்று தொடங்காதீர்கள்

என்ன செய்ய ஆசை என்று சுருக்கமாக எழுதச் சொல்வார்கள். முதல் வருடம் நான் எழுதியது: சிறு வயது முதலே விண்வெளி மீது ஆர்வம், கலாம் ஐயா, நாட்டுக்குச் சேவை. இப்போது படித்தால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டாம் வருடம் வேறு மாதிரி செய்தேன். எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். அங்கே இருக்கும் சூரிய ஆய்வகம் 1904லிருந்து சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பழைய கண்ணாடித் தகடுகளை டிஜிட்டலாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் எடுத்து, சூரியப் புள்ளிகள் (சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகள்) சூரியனின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கின்றன என்று அளந்து பார்த்தேன். புள்ளிகள் கூடிக் குறையும் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியின் தொடக்கத்தில் அவை 30 டிகிரி வாக்கில் தோன்றி, போகப் போக நடுக்கோட்டை நெருங்கும் என்பது பாடப்புத்தகம். அதை என் கையால் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

ஜூன் மாதப் படங்கள் ஒழுங்காக வந்தன. மார்ச் மாதப் படங்களில் வடக்குப் புள்ளியும் தெற்குப் புள்ளியும் சேர்ந்தே ஏழு டிகிரி வடக்கே நகர்ந்திருந்தன. இரண்டு நாள் பைத்தான் நிரலில்தான் தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். தப்பு நிரலில் இல்லை. சூரியனின் அச்சு நம் சுற்றுப்பாதைத் தளத்துக்கு நேர்செங்குத்தாக இல்லை, 7.25 டிகிரி சாய்ந்திருக்கிறது. மார்ச்சில் நமக்குத் தெரியும் வட்டத்தின் மையம் சூரியனின் நடுக்கோட்டில் இருக்காது, தெற்கே இருக்கும். நான் வட்டத்தின் மையத்தையே நடுக்கோடு என்று வைத்து அளந்திருந்தேன்.

இந்த அசட்டுத்தனத்தை அப்படியே எழுதினேன்: என்ன அளந்தேன், எங்கே மாட்டினேன், எப்படித் தெரிந்தது, அடுத்து எந்தக் கேள்வி. கலாம் ஐயாவுக்கு இடமே இருக்கவில்லை. நீங்கள் வேதியியலோ விலங்கியலோ, இதே நாலு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் செய்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீரின் பி.எச். அளவை மழைக்கு முன்னும் பின்னும் பார்த்திருந்தாலே எழுத விஷயம் இருக்கிறது.

எழுதியதைத் துறைக்கு வெளியே ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். என் ஹாஸ்டல் தோழி தமிழ் இலக்கியம். அவளுக்குப் புரியாத இரண்டு வரியை வெட்டினேன். ஏ.ஐ.யிடம் எழுத வைக்காதீர்கள். அதற்கு உங்கள் மார்ச் மாதப் படம் தெரியாது.

படி 3: சான்றிதழ்கள்

10, 12, கல்லூரி செமஸ்டர் மார்க்ஷீட் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தால் கோப்பு பெரிதாகி, ஏற்றும்போது ஏற்காது. போனில் கூகுள் டிரைவ் ஆப்பிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சிலர் இன்னும் கேம்ஸ்கேனர் என்பார்கள். அது 2020லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஆப். கண்ட இணையதளத்தில் மார்க்ஷீட்டை ஏற்றி அளவைக் குறைப்பதும் எனக்குப் பிடிக்காது. உங்கள் பிறந்த தேதி முதல் எல்லாம் அதில் இருக்கிறது.

சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றும் சூத்திரம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. மார்க்ஷீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

படி 4: சமர்ப்பிப்பது

கடைசி நாளுக்கு நாலு நாள் முன்பே முடியுங்கள். நவம்பரில் நமக்கு செமஸ்டர் தேர்வும் ஓடிக்கொண்டிருக்கும், கடைசி ராத்திரி சர்வரும் திணறும். விண்ணப்ப எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மா போனுக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு வாரம் ஒருமுறை உள்ளே போய், கடிதம் வந்ததா என்று பாருங்கள்.

இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பெங்களூரு ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு மையம், சென்னையில் ஐ.ஐ.டி., தரமணியில் கணித அறிவியல் கழகம், மும்பையில் டாடா ஆராய்ச்சிக் கழகம், வானியல் பிள்ளைகளுக்குப் புனேயில் ஐயுகா வானியல் மையம் என்று பல இடங்களில் தனித்தனிக் கோடைத் திட்டங்கள் உண்டு. ஒரு முறை எழுதிய கட்டுரையைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஆனால் பழைய இடத்தின் பெயரை அழிக்க மறக்காதீர்கள். ஒரு தடவை நான் மறந்தேன், பதிலே வரவில்லை.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டு மூன்று பேர் கேட்டது பெயர்ப் பிரச்சினை. நமக்கு இனிஷியல்தான், படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். 10ஆம் வகுப்பு மார்க்ஷீட்டில் இருப்பதுபோலவே போடுங்கள். கடைசிப் பெயரில் இனிஷியலை மட்டும் போட்டு ஏற்காவிட்டால், அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் எப்படி இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் உதவித்தொகை வரும் நேரத்தில் வங்கிக்கும் வீட்டுக்கும் நடக்க வேண்டிவரும்.

இன்னொன்று: "மே மாதம் எனக்கு எக்ஸாம் இருக்கே?" தேர்வானதும் வழிகாட்டிக்கு மெயில் போட்டு, உங்கள் கடைசிப் பரீட்சைத் தேதியைச் சொல்லி, அதற்குப் பிறகு சேரலாமா என்று கேளுங்கள். எனக்கு ஒரே வரியில் "சரி" என்று பதில் வந்தது.

வீட்டில் விடமாட்டார்கள் என்று கேட்ட தங்கச்சிக்கு: எங்கள் அப்பாவும் முதலில் "ரெண்டு மாசமா, தனியாவா?" என்றுதான் கேட்டார். தேர்வுக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். தங்குமிடம் எங்கே என்று ஆய்வக அலுவலகத்துக்கு அவரையே போனில் பேச வைத்தேன். ரயிலேற்றிவிட அவரே வந்தார், கட்டுச்சாதம் இரண்டு நாளைக்கு.