கேமரா சலான் வந்ததா? முதலில் போட்டோவைப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் மெஸ் நடத்துகிறேன். ஸ்கூட்டர் என் பேரில் இருக்கிறது. ஓட்டுவது தம்பி, சாப்பாடு கொண்டுபோகும் பையன் என்று யார் யாரோ. கேமரா பிடித்து அனுப்பும் அபராதச் சீட்டு, அதாவது சலான் மட்டும் என் போனுக்குத்தான் வரும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், தெருவில் யாருக்கு வந்தாலும் என்னிடம் போனை நீட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்.

வாட்ஸ்அப்பில் சலான் என்று வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) தொடவே தொடாதீர்கள். இன்ஸ்டால் செய்தால் பேங்க் பணம் காலி. பெங்களூரு டிராஃபிக் போலீஸின் அஸ்திரம் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். போன் பழக்கமில்லாத பெரியவர்கள் பெங்களூரு ஒன் என்ற அரசு சேவை மையத்தின் கவுன்டருக்குப் போகலாம்.

அப்புறம் போட்டோவைப் பெரிதாக்குங்கள். 2022 டிசம்பரில் இங்கே 50 ஜங்ஷன்களில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் 250 கேமராக்களும், சிக்னல் மீறுவதைப் பிடிக்கும் 80 கேமராக்களும் வந்தன. படிப்பது கம்ப்யூட்டர். பிளேட்டில் சேறு இருந்தால் 8 என்பது ‘B’ ஆகிவிடலாம். அதனால் மாடல், நிறம், கண்ணாடி, ஸ்டிக்கர் எல்லாம் உங்கள் வண்டிதானா என்று ஒப்பிடுங்கள். காராக இருந்தால் கறுப்புச் சட்டைமேல் கறுப்பு சீட் பெல்ட் தெரிகிறதா, கையில் இருப்பது போன்தானா என்று பாருங்கள். நேரத்தையும் பாருங்கள், எங்கள் டெலிவரி நோட்டு அதற்கு ரொம்ப உதவும்.

தப்பு நம்முடையது என்றால் கட்டிவிடுங்கள். 2023-இலும் 2025-இலும் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். அடுத்ததும் வரும் என்று சேர்த்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான்.

நம்முடையது இல்லையென்றால் டிராஃபிக் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். ஆர்சி நகல், சலான் போட்டோ, உங்கள் வண்டியின் போட்டோ மூன்றையும் சேர்த்து வையுங்கள். கொடுத்ததற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ நம் பக்கம் பேசுகிறது: குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நம்பர் தெரியும் படம் வேண்டும், கேமரா இருப்பதாகச் சாலையில் பலகை வேண்டும். எது இல்லையோ அதை எழுதுங்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. ஒருமுறை வந்த போட்டோவில் எங்கள் பையன் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டியிருந்தான். காலடியில் டிபன் கேரியர், பின்னால் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிய ஒரு பெண். ஹெல்மெட்டுக்கான 500 ரூபாயை வாங்கிக்கொண்டேன். அவள் யார் என்று கேட்கவில்லை, படத்தை யாருக்கும் காட்டவும் இல்லை. வண்டிக்காரர் நாம் என்பதற்காக அடுத்தவர் படத்தை ஃபேமிலி குரூப்பில் போடாதீர்கள். வண்டியை விற்றுவிட்டால் ஆர்சியையும் போன் நம்பரையும் உடனே மாற்றுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் படம் உங்களுக்கு வரும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். தப்புச் செய்தவர் படத்தை, சலான் தீரும்வரை வைத்திருக்கச் சொல்கிறது விதி. ஆனால் கேமரா ஒழுங்காகப் போகிறவர் நம்பரையும் சேர்த்துத்தான் படிக்கிறது. அதை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யார் பார்க்கலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள். கர்நாடகத்தில் மனு 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது, ஒரு விஷயம்தான் கேட்கலாம். அதனால் சலான் தகராறை அதில் கலக்காதீர்கள்.