கண் அட்டைக்கான லாண்டோல்ட் வளையத்தை நாமே வரைவது எப்படி?

வேர்டில் பெரிய எழுத்துகளைத் தட்டி, அளவை மட்டும் மாற்றி அச்சடித்தால் பார்வையைச் சோதிக்கும் கண் அட்டை தயார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆகாது. சாதாரண எழுத்துருவில் கோட்டின் தடிமனும் இடைவெளியும் எழுத்துக்கு எழுத்து மாறும், அதனால் கண் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துப் பார்த்தது என்று சொல்லவே முடியாது. 1862-இல் டச்சுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் வெளியிட்ட அட்டையில் எழுத்துகள் 5-க்கு 5 கட்டத்தில் அமைந்தவை, கோட்டின் தடிமன் ஒரு கட்டம்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது லாண்டோல்ட் வளையம்தான், அதாவது ஆங்கில C போல ஒரு பக்கம் திறந்த வளையம். இதுவும் அதே 5 கட்ட அளவுதான், கோடும் திறப்பும் ஒவ்வொரு கட்டம். ஒரே வடிவம், திறப்பு எந்தப் பக்கம் என்று கை காட்டினால் போதும், படிக்கத் தெரியாத குழந்தையையும் சோதிக்கலாம்.

1. அளவு: 6/6 வரிசை (இயல்பான கண் 6 மீட்டரில் படிப்பது; 6/12 என்றால் 12 மீட்டரில் படிப்பது) எழுத்து, இங்கே வளையம், 6 மீட்டர் தூரத்தில் 5 கலை கோணம் பிடிக்க வேண்டும் (ஒரு பாகையில் 60 கலை). கணக்குப் போட்டால் உயரம் 8.73 மி.மீ., ஒரு கட்டம் 1.745 மி.மீ. 6/12-க்கு இரண்டு மடங்கு, 6/60-க்குப் பத்து மடங்கு.

2. வளையம்: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும், இலவசம், மில்லிமீட்டரில் துல்லியமாக வரையலாம். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். 8.73 விட்டத்தில் வட்டம் போட்டு 1.745 தடிமனில் கோடு கொடுத்தேன், வளையம் பெரிதாகிவிட்டது. கோடு பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் விழும் என்பதை யோசிக்கவில்லை. ஆகவே ஆரம் 3.49 மி.மீ. வையுங்கள், அப்போதுதான் வெளிவிட்டம் சரியாக 5 கட்டம் வரும். உள்நிரப்பை எடுத்துவிட்டு, கோட்டைப் பாதையாக மாற்றுங்கள்.

3. திறப்பு: வட்டக் கருவியிலேயே கோணம் கொடுத்து வெட்டாதீர்கள், ஆப்பு மாதிரி வெளியே விரிந்துவிடும். திறப்பின் இரு ஓரமும் இணையாக இருக்க வேண்டும். 1.745 மி.மீ. உயரத்தில் ஒரு செவ்வகத்தை வளையத்தின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக வெளியே நீளும்படி வளையத்தின் மேல் படிய வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து 'டிஃபரன்ஸ்' (மேலிருப்பதன் வடிவத்தைக் கீழிருப்பதில் வெட்டியெடுக்கும் கட்டளை) கொடுங்கள்.

4. அடுக்குவது: நகலெடுத்து 90 பாகையாகத் திருப்பி, வரிசைக்கு ஐந்து. இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு வளைய அகலம் விடுங்கள். பார்வை ஆய்வாளர்கள் பெய்லியும் லோவியும் 1976-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது, நெருக்கி வைத்தால் பக்கத்து எழுத்தே பார்வையைக் குழப்பும்.

5. அச்சு: 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்து 100 சதவீதம் வையுங்கள். ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து, அச்சடித்த தாளில் அதை அளவுகோலால் அளந்து பாருங்கள். என் முதல் தாளில் அது 96 தான் இருந்தது! லேசர் அச்சு நல்லது, மை அச்சில் சாதாரணத் தாள் ஊறி, சின்னத் திறப்புகள் அடைபடும்.

பிற்சேர்க்கை: 6 மீட்டர் நீள அறை இல்லை, என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 3 மீட்டருக்கு எல்லா அளவையும் பாதியாக்குங்கள், வளையம் 4.36, திறப்பு 0.87 மி.மீ. இங்க்ஸ்கேப்பில் சுருக்கும்போது பூட்டுக் குறியை அழுத்தி வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வளையம் முட்டை வடிவமாகிவிடும்.