செல்ஃப் எடுக்காத பழைய தோட்ட டிராக்டர்: வயரிங் கோளாறைத் தேடும் வழி

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் துருவேறிய எர்த் போல்ட்டோ (பேட்டரியின் நெகட்டிவை வண்டி உடம்போடு சேர்ப்பது), பச்சை பூத்த லக்கோதான் (கேபிள் முனையில் இருக்கும் வளையம்) காரணம். கேபிளில் நாலு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். செல்ஃப் சுற்ற அது போதாது. அதனால் கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, புல் வெட்டும் பிளேடின் இணைப்பை விடுவியுங்கள். பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் உடம்போடு எர்த் செய்துவிடுங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் மேலே போகாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியே சந்தேகத்துக்குரியது.

பேட்டரி சரி என்றால், மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தூணிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரில் கேபிள் மாட்டியிருக்கும் போல்ட்டில். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை. சொலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே தனியாக அளந்தால் குற்றவாளி சொலினாய்டா கேபிளா என்று தெரிந்துவிடும். அடுத்து நெகட்டிவ் தூணுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே: 0.3-க்கு மேல் இருந்தால் எர்த் கெட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, லக்கையும் சேஸியையும் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசுங்கள்.

'டக்' சத்தமே வரவில்லையா? ஸ்டார்ட் நிலையில் சொலினாய்டின் சிறிய முனைக்கு 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் கீ சுவிட்ச், பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் என்று வரிசையாகப் பின்னோக்கித் தேடுங்கள். வந்தும் வேலை செய்யாவிட்டால் சொலினாய்டின் எர்த்தைப் பாருங்கள். மூன்று முனை வகைக்கு அது பொருத்தும் தகடு வழியாகவே கிடைக்கிறது. பெடல், பிளேடு ஆகிய பாதுகாப்பு சுவிட்சுகளைத் தாண்டி, அவற்றின் வயர்களைச் சோதனைக்காக ஒரு நிமிடம் நேரடியாக இணைக்கலாம். நிரந்தரமாக இணைத்து வைப்பது கீழே சுழலும் பிளேடோடு விளையாடுவது.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை என்றால் மேக்னெட்டோ எஞ்சின்களுக்கு (பேட்டரி இல்லாமல் தானே ஸ்பார்க் உண்டாக்குபவை) ஒரு எளிய சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்தும் கில் வயரை, ஸ்பார்க் தரும் காயிலிலிருந்து கழற்றுங்கள். இப்போது ஸ்பார்க் வந்தால் காயில் நல்லது. அந்த வயரோ ஒரு சுவிட்சோ எங்கோ எர்த்தாகிறது. எஞ்சினை ஓட்டுமுன் வயரை மறக்காமல் மாட்டுங்கள், இல்லாவிட்டால் சாவியால் நிறுத்த முடியாது. கில் வயருக்கு 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், காயில் கருகிவிடும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடுவது வயரைக் கொளுத்தும் வழி. ஃபியூஸ் இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். ஷார்ட் இருக்கும் வரை பல்பு பிரகாசமாக எரியும். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எதில் அணைகிறதோ அந்தக் கிளைதான். சீட்டுக்கு அடியில், ஸ்டீயரிங் தண்டோரம், பானெட் கீல், சைலன்சர் பக்கம் ஆகிய இடங்களில் வயர் உரசித் தேய்ந்திருக்கும். எலி கடித்ததும் உண்டு.

பேட்டரி சார்ஜ் ஏறாவிட்டால், எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா பாருங்கள். வரவில்லையா, சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பொருத்தியிருக்கும் போல்ட்டைச் சுத்தம் செய்து மறுபடி அளங்கள். பல ரெகுலேட்டர்களுக்கு எர்த் அந்த போல்ட்தான்.

ஒட்டுப் போடும்போது, வயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டி, கிரிம்ப் செய்து (இணைப்புக் குழாயை நசுக்கி இறுக்கி), சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் அதிர்வில் மறுபடி லூஸாகும். வயரில் கை வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அது கடைசி.