குவாரிக்குள் டிப்பர் பாதை: தண்ணீரை முதலில் வரையுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கருங்கல் குவாரிக்குப் பாதை வெட்டுவது பெரும்பாலும் கோடையில்தான். அப்போது நிலம் இறுகிக் கிடக்கும், எந்தப் பக்கம் வெட்டினாலும் டிப்பர் ஓடும். வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் கதை வேறு. மலையடியில் குறுக்கே போட்ட பாதை அணைக்கட்டுப் போலத் தண்ணீரை மறிக்கும். அது உடைந்தால் கீழே வட்டையில் (வயல்வெளியில்) நிற்கும் பெரும்போக வேளாண்மைக்குள் சேறு இறங்கும். அதனால் இங்கே பாதைக்கு முன் தண்ணீரை வரைய வேண்டும்.

படி 1: நீரோட்டத்தைத் தேடுங்கள்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் ஓடைகளைக் குறியுங்கள். அப்புறம் நேரில் நடந்து பாருங்கள். வேலியில் சிக்கிய வைக்கோல், அரித்த கரை, மணல் படிந்த பள்ளம் எல்லாம் போன மாரியின் அடையாளங்கள். வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் பார்க்கும் வட்டவிதானையிடம் கேளுங்கள், எந்த வாய்க்கால் எப்போது பெருகும் என்பது அவருக்கு அத்துப்படி. சிறு குளத்தையோ வாய்க்காலையோ தொடுவதாக இருந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் முன்கூட்டியே பேசுங்கள்.

படி 2: சரிவும் அகலமும்

நீண்ட ஏற்றத்தில் சரிவு 8%, அதாவது 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயரம். 10% ஐத் தாண்ட வேண்டாம். அகலத்தை வாகனத்தை வைத்துக் கணக்கிடுங்கள்: இருவழிப் பாதைக்கு மூன்றரை மடங்கு, ஒருவழிக்கு இரண்டு மடங்கு. 2.5 மீற்றர் அகல டிப்பருக்கு இருவழிப் பாதை சுமார் 9 மீற்றர். வளைவில் இன்னும் அகலம் வேண்டும்.

படி 3: மேற்பரப்பு

கிரவலைத் தடவை தடவையாகப் பரப்பி, ஈரம் பார்த்து உருளையால் இறுக்குங்கள். குறுக்குச் சாய்வு 3% அளவில் இருக்கட்டும். டயர் ஒரு சென்ரிமீற்றர் புதைந்தால் உருளும் எதிர்ப்பு, அதாவது டயர் உருள்வதைத் தடுக்கும் விசை, வாகன எடையில் ஏறக்குறைய 0.6% கூடும். 5 செ.மீ. புதைந்தால் சமதரையிலும் 3% கூடுதல் ஏற்றம் ஏறுவதற்குச் சமம், அவ்வளவும் டீசல்.

பள்ளப் பக்கத்தில் டயரின் பாதி உயரத்துக்காவது மண்வரம்பு போடுங்கள். வரம்பில் இடையிடையே கல் பதித்த திறப்பு விடாவிட்டால் மழைநீர் வெளியேற வழியின்றிப் பாதையிலேயே ஓடி அதை அரித்துவிடும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

படி 4: ஓடையைக் கடப்பது

முதலில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்ப்போம். சூத்திரம் எளிது: வழிந்தோடும் பங்கு × மழைச்செறிவு (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேயர்) ÷ 360. ஓடைக்குத் தண்ணீர் வடியும் மேல்நிலம் 50 ஏக்கர், அதாவது சுமார் 20 ஹெக்டேயர் என்போம். பாதி மழை வழிந்தோடுகிறது. மணிக்கு 80 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5 × 80 × 20 ÷ 360 = செக்கனுக்கு சுமார் 2.2 கனமீற்றர். உண்மையான மழைச்செறிவை வளிமண்டலவியல் திணைக்களத் தரவிலிருந்து எடுக்க வேண்டும்.

900 மி.மீ. விட்டமுள்ள ஹியூம் பைப் (கொங்கிறீற்றுக் குழாய்) ஒன்று, வாயின் மேல்விளிம்பு வரை தண்ணீர் நிற்கும்போது செக்கனுக்கு ஏறக்குறைய 0.9 கனமீற்றர் கடத்தும். ஆக மூன்று பைப் வேண்டும். சின்னப் பைப்பாகப் பலவற்றைப் போடாதீர்கள்; வெள்ளத்தில் வரும் மரக்கொப்பு அடைத்துவிடும், உள்ளே சுத்தமாக்கவும் முடியாது.

பைப்பை ஓடையின் திசையிலேயே, ஓடைத் தரை மட்டத்தில் வையுங்கள். பைப்புகளுக்கிடையே பாதி விட்டம் இடைவெளி விட்டு மண்ணை இறுக்குங்கள். மேலே குறைந்தது 600 மி.மீ. இறுகிய மண் இல்லாமல் சுமையோடு டிப்பரை ஏற்ற வேண்டாம். இரு முனையிலும் பைப் வாயைச் சுற்றி மண்ணைத் தாங்கும் தலைச்சுவர் கட்டுங்கள். தண்ணீர் விழும் பக்கம் பெரிய கற்களை அடுக்குங்கள், குவாரியில் கல்லுக்கா பஞ்சம்!

ஓடை அகலமாகவும் ஆழமில்லாமலும் இருந்து, மாரியில் சில நாள் வேலை நின்றாலும் சரி என்றால், வெள்ளம் மேலால் ஓடும்படி தாழ்வாகப் போடும் கொங்கிறீற்றுச் சப்பாத்துப் பாலம் மலிவு. கொங்கிறீற்றின் இரு பக்கமும் அடிச்சுவரை ஆழமாக இறக்குங்கள், ஆழம் காட்டும் கம்பங்களை நடுங்கள். தண்ணீர் மேலால் ஓடும்போது வாகனம் இறங்கக் கூடாது.

படி 5: சேற்றைத் தடுப்பது

பக்க வாய்க்கால்களை நேரே வட்டைக்குள் விடாதீர்கள். ஒரு படிவுக் குழியில் தண்ணீரைத் தேக்கி, மண் படிந்தபின் மேல்மட்டத்தால் வழியவிடுங்கள். கீழே இருப்பவர்களின் வருடச் சாப்பாடு அந்த வயலில் இருக்கிறது. ஐப்பசிக்கு முன் குழியையும் பைப்புகளையும் தோண்டித் துப்புரவாக்குங்கள், முதல் பெருமழை விட்டதும் ஒவ்வொரு கடவையையும் போய்ப் பாருங்கள்.