பிள்ளைகளின் பழைய துணியை ஏழை நாடுகளுக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குழந்தை முதல் பிறந்தநாளைத் தொடுவதற்குள் மூன்று நான்கு அளவுகளைத் தாண்டிவிடும். இரண்டே முறை போட்ட சட்டை, பரிசாக வந்து பிரிப்பதற்குள் சின்னதாகிப்போன ஸ்வெட்டர் என்று அலமாரி நிரம்பி வழியும். எங்கோ ஒரு ஏழை நாட்டில் இதைப் போட ஒரு பிள்ளை இருக்குமே என்று தோன்றுவது இயல்புதான். அந்த நினைப்பு வந்ததும் அவசரமாகப் பெட்டியைக் கட்டிவிடுவதில்தான் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

அவற்றில் பெரியது, யாரும் கேட்காமலே அனுப்புவது. பேரிடர்ச் செய்தியைப் பார்த்ததும் இது அதிகமாக நடக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியக் கடற்கரையில் நன்கொடைத் துணி மலையாகக் குவிந்தது. பிரித்து அடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அது அங்கேயே கிடந்து அழுகி, கடைசியில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்த வேண்டியதாயிற்று. 1998இல் மிட்ச் புயல் தாக்கிய ஹோண்டுராஸில் துணி மூட்டைகள் ஓடுபாதையை அடைத்துக்கொண்டதால் நிவாரணப் பொருள் ஏற்றிவந்த விமானம் இறங்க முடியாமல் போனது. ஆகவே வாங்கிக்கொள்ளும் அமைப்பை முதலில் கேளுங்கள்: என்ன வயதுக்கு, எந்தப் பருவத்துக்கு, எவ்வளவு வேண்டும்? "இப்போது துணி வேண்டாம், பணமாகக் கொடுங்கள்" என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். அந்தப் பணத்தில் பக்கத்துச் சந்தையிலேயே சரியான அளவில் வாங்கிவிடுவார்கள், அங்குள்ள கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.

அடுத்தது, அந்த நாட்டின் சட்டத்தைப் பார்க்காமல் விடுவது. பிலிப்பைன்ஸில் பழைய துணி இறக்குமதிக்கு 1966 முதலே சட்டப்படி தடை. இந்தோனேசியாவும் தடை செய்திருக்கிறது. கானாவிலும் ஜிம்பாப்வேயிலும் பயன்படுத்திய உள்ளாடையைக் கொண்டுவரக் கூடாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஜாம்பியா, ஜிம்பாப்வே, பார்படோஸ் போன்ற நாடுகளில் ராணுவ உடைபோன்ற பச்சைத்திட்டு டிசைனைப் பொதுமக்கள் போடக் கூடாது. நமக்கு அழகாகத் தெரியும் அந்தக் குட்டி பேன்ட், போடுகிறவருக்கு வம்பை இழுத்துவரும்.

தெருமுனைத் துணிப்பெட்டியில் போட்டால் நேரே ஒரு குழந்தையின் கைக்குப் போய்விடும் என்று நம்புவதும் தவறுதான். அப்படிச் சேரும் துணியில் பெரும்பகுதி தரம் பிரிக்கப்பட்டு, சுமார் 50 கிலோ மூட்டைகளாக அழுத்திக் கட்டப்பட்டு, எடைக்கு விற்கப்படுகிறது. கானாவின் காண்டமாண்டோ, கென்யாவின் கிகோம்பா ஆகிய சந்தைகள் இதற்குப் பேர்போனவை. கானாவில் இந்தத் துணிக்கு 'ஒப்ரோனி வாவு' என்று பெயர், இறந்துபோன வெள்ளைக்காரரின் துணி என்று பொருள். வியாபாரி மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலேதான் வாங்குவார். உள்ளே கறையும் கிழிசலுமாக இருந்தால் நஷ்டம் முழுக்க அவர் தலையில். 'ஏழைக்கு இது போதும்' என்று நாம் போட்ட துணிதான் அது. இந்த வியாபாரமே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், பல குடும்பங்கள் இதில்தான் பிழைக்கின்றன. உள்ளூர்த் தையல் தொழில் படுத்துவிடுகிறது என்ற எதிர்ப்பும் உண்டு. அந்தத் தொழிலை வளர்க்க நினைத்த ருவாண்டா 2016இல் பழைய துணிக்கு வரியைப் பலமடங்கு ஏற்றியது. பதிலுக்கு அமெரிக்கா 2018இல் ருவாண்டா ஆடைகளுக்குக் கொடுத்திருந்த வரிச்சலுகையை நிறுத்தியது. உங்கள் துணி விற்கப்படாமல் இலவசமாகவே போய்ச்சேர வேண்டுமென்றால், நேரடியாக விநியோகிக்கும் அமைப்பைத் தேடிப்பிடித்துக் கொடுங்கள்.

சரி, அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. இனி துணிகளைப் பார்ப்போம். எல்லார் வீட்டிலும் மிஞ்சுவது கைக்குழந்தைத் துணிதான். ஆறு வயதுக்கு மேல் பிள்ளைகள் கிழியும்வரை போட்டுவிடுவதால் அந்த அளவுகள் குறைவாகவே வரும். நல்ல நிலையில் இருந்தால் அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். கழுத்திலோ தொப்பியிலோ இழுத்துக் கட்டும் நாடா இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள், எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். ஆடும் பட்டனை இறுக்கித் தையுங்கள், குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். உள்ளாடை, சாக்ஸ் புதிதாக இருந்தால் மட்டும் சேருங்கள். வெப்ப நாட்டுக்குப் பனிக்கால ஜாக்கெட் வேண்டாம், ஆனால் உயரமான மலைப்பகுதி என்றால் அதுதான் வேண்டும். இதையும் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

துவைத்ததை ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். கப்பலில் வாரக்கணக்கில் அடைந்துகிடக்கும்போது ஒரே ஒரு ஈரத் துண்டிலிருந்து மூட்டை முழுக்கப் பூஞ்சணம் பரவிவிடும். அந்துருண்டை போடாதீர்கள், அதன் நெடி குழந்தைகளுக்கு ஆகாது.

சொந்தமாகப் பார்சல் போடுகிறவர்கள் செலவைக் கணக்குப் பார்க்காமல் விடுகிறார்கள். தபால் கூலி பல சமயம் துணியின் விலையைத் தாண்டிவிடும். சுங்க வரி விதித்தால் அதைக் கட்டுவது யார்? பெட்டியை வாங்கப்போகும் அந்தக் குடும்பம்தான். கட்ட முடியாவிட்டால் பெட்டி கிடங்கிலேயே கிடக்கும். அதனால் அங்கே ஏற்கெனவே சரக்கு அனுப்புகிற அமைப்போடு சேர்ந்துகொள்வது மேல்.

அப்புறம், 'குழந்தைத் துணி' என்று மட்டும் எழுதி ஒட்டாமல் வயது, உயரம், எண்ணிக்கை மூன்றையும் பெட்டிக்கு வெளியே எழுதுங்கள். செருப்பு, ஷூவை ஜோடியாகக் கட்டிவிடுங்கள். கிடங்கில் ஒற்றைக்கால் ஷூவுக்கு ஜோடி தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.