ஆய்வுக்கூடத்துக் கண்டுபிடிப்பை லைசென்ஸ் எடுப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கான செய்முறை

ஓட்டுப் போட்டதும் நம் விரலில் வைக்கிற மை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிறந்தது. ஆனால் அதை அந்த ஆய்வகம் தயாரிப்பதில்லை. 1962-இல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம், அதாவது என்.ஆர்.டி.சி., வழியாக இன்றைய மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனத்துக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். அன்று முதல் மை அங்கிருந்துதான் வருகிறது. நம் பக்கத்துக்கு வருவோம். நம்மூர்க்காரர்கள் நெஞ்சுவலி என்றால் ஓடுகிற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிலையத்தில் உருவான இதய வால்வை டி.டி.கே. நிறுவனம் லைசென்ஸ் எடுத்துத் தயாரித்து விற்றது. முதல் நோயாளிக்கு அந்த வால்வைப் பொருத்தியது 1990 டிசம்பரில்.

இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று நினைத்துத்தான் நானும் பல வருஷம் ஒதுங்கி இருந்தேன். ஆனால் சிப்ஸ் கடை வைத்திருப்பவரும் தும்பு ஆலை நடத்துபவரும் எடுக்கக்கூடிய சின்னச் சின்னத் தொழில்நுட்பங்கள் நிறையவே இருக்கின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: காசு கொடுத்து நீங்கள் வாங்குவது ஒரு செய்முறையும் அதைப் பயன்படுத்த ஒரு அனுமதியும். மிஷின், சந்தை, உணவுப் பாதுகாப்புச் சான்று எதுவும் அதோடு வராது.

படி 1: பொருளில் இருந்து தொடங்குங்கள்

ஆய்வகத்தின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு "எதை எடுக்கலாம்" என்று தேடினால் மண்டை காய்ந்துவிடும். உங்கள் கொல்லையில் எது வீணாகிறது என்று பாருங்கள். மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துப்போகும். தேங்காய் உரித்த கதம்பையும் சிரட்டையும் குவிந்து கிடக்கும். இடவப்பாதி மழையில் சக்கை (பலாப்பழம்) விழுந்து அழுகும். இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தைத் தேடுங்கள்.

மரச்சீனிக்கு திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம். தேங்காய்க்கு காசர்கோடு மத்திய தோட்டப் பயிர்கள் நிலையம். கதம்பை, தும்பு, காயர் பித் (தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூள்) என்றால் ஆலப்புழை கலவூரில் உள்ள மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையம். மீனுக்கு கொச்சியில் சிஃப்ட் எனும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம். வாழைக்கு திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம். பொதுவான உணவுத் தொழில்நுட்பத்துக்கு மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. இவை தவிர நமக்கு மிகவும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. களியக்காவிளையில் பஸ் ஏறி பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டினால் பாப்பனங்கோடு. அங்கேதான் சி.எஸ்.ஐ.ஆர்., அதாவது அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த நிஸ்ட் என்ற ஆய்வகம் இருக்கிறது. மசாலாப் பயிர், எண்ணெய், விவசாயக் கழிவு எல்லாம் அவர்கள் கை வைக்கிற துறைகள்.

வேளாண் நிலையங்களின் தொழில்நுட்பங்களை டெல்லியில் இருக்கிற அக்ரின்னோவேட் இந்தியா என்ற அரசு நிறுவனம் வழியாகவும் எடுக்கலாம்.

படி 2: காப்புரிமையை நீங்களே பாருங்கள்

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம் இலவசம். பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஆய்வகத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வராமல் போகலாம். காப்புரிமைகள் பெரும்பாலும் தாய் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். நிஸ்டுக்கு சி.எஸ்.ஐ.ஆர்., கிழங்கு நிலையத்துக்கு ஐ.சி.ஏ.ஆர்., அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். இவற்றின் முழு ஆங்கிலப் பெயரை விண்ணப்பதாரர் கட்டத்தில் போட்டுத் தேடுங்கள்.

கிடைத்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, விண்ணப்பித்த தேதி. 20 ஆண்டு ஆயுளை அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும், காப்புரிமை வழங்கிய தேதியிலிருந்து எண்ணக் கூடாது. 17 வருஷம் ஓடிவிட்டது என்றால் மீதி மூன்று வருஷத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசியுங்கள். இரண்டு, புதுப்பிப்புக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா. கட்டாமல் காலாவதியாகி, மீட்டெடுக்கும் 18 மாத அவகாசமும் போய்விட்டால் அந்தக் கண்டுபிடிப்பை யாரும் பயன்படுத்தலாம். அப்போதும் ஆய்வகத்துக்குப் பணம் கொடுக்க ஒரு நியாயம் உண்டு. எத்தனை டிகிரியில், எத்தனை நிமிஷம், எந்தப் பதம் என்கிற கைப்பக்குவம் காப்புரிமைத் தாளில் முழுசாக இருக்காது.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மட்டி வாழைப்பழத்துக்கும் ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்கும் கிடைத்தது புவிசார் குறியீடு. காப்புரிமை வேறு, அது வேறு. புவிசார் குறியீட்டை லைசென்ஸ் எடுக்க முடியாது.

படி 3: நேரில் போய்க் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. மெயில் அனுப்பி, தொழில்நுட்ப மாற்றப் பிரிவில் நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள், அது வழக்கம்தான். படித்துவிட்டுப் போடுங்கள்.

என் கதையைச் சொன்னால்தான் எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும். நானும் கருங்கலைச் சேர்ந்த ஒரு நண்பரும் சேர்ந்து ஓர் ஆய்வகத்திடம் சக்கை வற்றல் தொழில்நுட்பம் எடுத்தோம். ஆறு மாதம் மொறுமொறுப்பு கெடாது என்றார்கள். ஜூன் மாதம் போட்ட முதல் சரக்கு மூன்றே வாரத்தில் தோல் மாதிரி ஆகிவிட்டது. விசாரித்தால், அவர்கள் சோதித்தது நைட்ரஜன் நிரப்பிய அலுமினியம் ஃபாயில் பையில், ஏ.சி. அறையில். நாங்கள் போட்டதோ சாதா பிளாஸ்டிக் கவரில். அவர்கள் பொய் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாமா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பைசா குடுத்துப் பேப்பர் வாங்கியிருக்க மக்கா" என்றார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆகவே, கெடாத காலம் எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பையில், எத்தனை சதவீத ஈரப்பதத்தில் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். நமக்கு இரண்டு மழையும் உண்டு, வெயிலில் உலர்த்துகிற எந்தத் தொழில்நுட்பத்தையும் அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு எத்தனை கிலோ செய்து பார்த்திருக்கிறார்கள்? ஐந்து கிலோவில் ஓடியது நூறு கிலோவில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நூறு கிலோ பச்சைப் பொருளுக்கு எத்தனை கிலோ சரக்கு கிடைக்கும்? மூன்று பேஸ் மின்சாரம் வேண்டுமா? கழிவுநீரை எங்கே விடுவது? மரச்சீனி மாவு அரைத்த தண்ணீரில் சயனைடு கலந்திருக்கும், அதை ஓடையில் திறந்துவிட முடியாது.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்: ஏற்கெனவே இதை யார் யார் எடுத்திருக்கிறார்கள், அவர்கள் இப்போது ஓட்டுகிறார்களா? முடிந்தால் அதில் இரண்டு பேருக்காவது போன் போடுங்கள்.

சில பொருளுக்கு வேறு சட்டமும் குறுக்கே வரும். கிழங்கு நிலையம் மரச்சீனி இலையிலிருந்து நன்மா, மென்மா என்று பூச்சிவிரட்டிகள் செய்திருக்கிறது. மென்மா நம் ஏத்தன் வாழையைத் துளைக்கிற தண்டுக் கூன்வண்டுக்கு எதிரானது. வீணாகப் போகிற இலை, ஊரெல்லாம் உள்ள பூச்சி என்று ஆசை வரும். ஆனால் பூச்சிக்கொல்லி என்று லேபிள் ஒட்டி விற்கப் புறப்பட்டால் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் பதிவு பற்றி முதலில் விசாரிக்க வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குபவர் முதல் முயற்சியாக இதில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

படி 4: கணக்கு

கட்டணம் பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும்: முன்பணம் ஒன்று, விற்பனையில் ராயல்டி ஒன்று. கற்பனை எண்களில் போட்டுப் பார்ப்போம். 5 வருஷத்துக்கு முன்பணம் 2 லட்சம், ராயல்டி 3 சதவீதம். வருஷம் 12 லட்சத்துக்கு விற்றால் ராயல்டி 36,000, முன்பணத்தில் அந்த வருஷப் பங்கு 40,000. ஆக மொத்தம் 76,000, அதாவது விற்பனையில் சுமார் 6 சதவீதம். விற்பனை 3 லட்சம்தான் என்றால் ராயல்டி 9,000, பங்கு அதே 40,000. இப்போது 16 சதவீதம் போகிறது. சின்ன வியாபாரியைக் கொல்வது ராயல்டி இல்லை, முன்பணம்தான். தவணையில் தரலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. நீங்கள் சின்ன வியாபாரிகளுக்கான காம்பொசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுவது) இருந்தால் அந்த வரி திரும்பக் கிடைக்காது.

படி 5: ஒப்பந்தம்

வாய்ப்பேச்சு லைசென்ஸ் செல்லாது, எழுத்தில் இருக்க வேண்டும். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பலருக்கும் தருகிற பொது லைசென்ஸ். பக்கத்துத் தெருக்காரரும் அதையே எடுக்கலாம். தனி உரிமை கேட்டால் விலை ஏறும், குறைந்தபட்ச ராயல்டி என்று ஒரு வரியும் சேரும். விற்றாலும் விற்காவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும், அந்த வரியை விரலை வைத்துப் படியுங்கள். நீங்கள் செய்முறையில் ஒரு முன்னேற்றம் கண்டால் அது யாருக்குச் சொந்தம், பாக்கெட்டில் ஆய்வகத்தின் பெயரை அச்சிடலாமா என்பதையும் பாருங்கள்.

கடன், மானியம் விஷயங்களுக்கு நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் போதும், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், அது இலவசம்.

படி 6: பயிற்சி

கையெழுத்துப் போட்டபின் இரண்டு மூன்று நாள் பயிற்சி தருவார்கள். முதலாளி மட்டும் போய் நோட்டில் குறித்துக்கொண்டு வருவது வீண். அடுப்படியில் நிற்கப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மரச்சீனித் தொழில்நுட்பம் என்றால், கிழங்கு நிலையத்தில் அவர்களுடைய ஸ்ரீ விஜயா ரகக் கிழங்கில் செய்து காட்டுவார்கள், நம் வயலில் இருப்பது எம்-4 ரகமாக இருக்கலாம். மாவும் வேறு, நாரும் வேறு. அதனால் பிடுங்கிய அன்றைக்கே நம்முடைய கிழங்கை ஒரு சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், "இதில் ஒரு தடவை செய்து காட்டுங்கள் சார்" என்று கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் சிரித்தார்கள், ஆனால் செய்து காட்டினார்கள்.