சிந்துவெளியை ஒரே தாளில் வரைவது எப்படி

பாடநூல் வரைபடத்தின் மேல் ட்ரேஸ் தாளை வைத்து, பத்துப் பெயர்களைக் குறித்துவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் வழக்கம். அப்படி வரைந்தவரிடம் ‘தோலாவிராவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, மொகஞ்சதாரோவில் எந்தப் பருவத்தில் விதைத்தார்கள்’ என்று கேட்டால் பதில் வராது. ஊர்களை முதலில் குறிப்பதால் வரும் கோளாறு இது. முதலில் கட்டம், அடுத்து ஆறு, பிறகு மழை. ஊர் அதற்கப்புறம்தான்.

தேவையானவை: ஓர் ஏ4 தாள், அளவுகோல், பென்சில், நாலைந்து வண்ணப் பென்சில்கள், அதே அளவில் ஒரு ட்ரேஸ் தாள்.

தாளை நெடுக்காக வைத்து 18 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் பெட்டி போடுங்கள். இடது ஓரம் கிழக்குத் தீர்க்கரேகை 60°, வலது ஓரம் 80°. கீழ் ஓரம் வட அட்சரேகை 18°, மேல் ஓரம் 38°. அதாவது அகலத்தில் ஒரு பாகைக்கு 0.9 செ.மீ., உயரத்தில் 1 செ.மீ. இரண்டையும் சமமாக வைக்கக் கூடாது. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவரும். 28° அருகே ஒரு பாகை தீர்க்கரேகை சுமார் 98 கி.மீ.தான், அட்சரேகையோ 111 கி.மீ. சமமாகப் போட்டால் படம் கிழக்கு மேற்காக இழுபட்டு, தூரம் அளக்க உதவாமல் போகும். இந்தக் கட்டத்தில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 111 கி.மீ.

எந்த ஊரையும் வைக்க ஒரே கணக்குதான். தீர்க்கரேகையிலிருந்து 60-ஐக் கழித்து 0.9-ஆல் பெருக்கினால் இடது ஓரத்திலிருந்து தூரம். அட்சரேகையிலிருந்து 18-ஐக் கழித்தால் கீழ் ஓரத்திலிருந்து உயரம். கீழே அடைப்புக்குறிக்குள் உள்ள எண்கள் இந்த வரிசையில், செ.மீ.யில்.

சிந்து நதியை வலது ஓரத்திலிருந்து தொடங்கி லே (15.8, 16.2) வழியாக வடமேற்கே கொண்டுபோய், நங்கா பர்பத் மலையை (13.1, 17.2) வடக்கே சுற்றித் தெற்கே திருப்புங்கள். பிறகு அட்டோக் (11, 15.9), மிதன்கோட் (9.4, 10.9), சக்கர் (8, 9.7), கடைசியில் கழிமுகம் (6.7, 6). ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் ஐந்தும் ஒன்றாகி மிதன்கோட் அருகே சிந்துவில் சேரும். இது இன்றைய பாதை. சமவெளியில் இந்த ஆறுகள் பலமுறை தடம் மாறியவை. ஹரப்பாவை ஒட்டி இருப்பது ராவியின் பழைய படுகை மட்டுமே. ஆகவே நீலக்கோட்டுக்கும் ஊர்ப்புள்ளிக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் இழுத்து ஒட்டவைக்காதீர்கள்.

காகர்-ஹாக்ராவைப் புள்ளிக்கோடாகத்தான் போட வேண்டும். சிவாலிக் அடிவாரத்தில் (15.3, 12.8) தொடங்கி, காலிபங்கன் (12.7, 11.5) வழியாகச் சோலிஸ்தான் பாலைக்குள் இறங்கும். சட்லெஜ் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு விலகி 8,000 ஆண்டுகள் ஆகின்றன, நகரங்கள் எழுந்த காலத்தில் அங்கே ஓடியது பருவமழை நீர்தான் என்றது 2017-இல் வெளியான ஆய்வு. 4,500 ஆண்டுகளுக்கு முன்வரை பனிமலை நீரும் வந்துகொண்டிருந்தது என்றது 2019-இல் வந்த மற்றோர் ஆய்வு. வழக்கு முடியாத ஆற்றைத் தடித்த நீலத்தில் வரைவது ஒரு தரப்புக்குத் தீர்ப்பு எழுதுவதாகும்.

அடுத்தது மழை. மேற்கிலும் வடமேற்கிலும் குளிர்கால மழையும் வரும்; கிழக்கும் குஜராத்தும் கோடைப் பருவமழையை நம்பியவை. இரண்டையும் வெவ்வேறு சாய்கோடுகளால் நிரப்பி, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழ விடுங்கள். மொகஞ்சதாரோ இருக்கும் வட சிந்துவில் ஆண்டு மழை 100 மி.மீ. அளவுதான். அங்கே வாழ்வு ஆற்று வெள்ளத்தோடு ஓடியது: ஜூன் முதல் செப்டம்பர் வரை பனியுருகலும் பருவமழையும் சேர்ந்து ஆறு பெருகும், வெள்ளம் வடிந்த ஈரத்தில் கோதுமையும் பார்லியும் விதைத்து, அடுத்த வெள்ளத்துக்கு முன் அறுப்பார்கள். சௌராஷ்டிரத்தில் சிறுதானியம் ஓங்கியது. ‘சிந்துவெளி மக்களின் உணவு கோதுமை’ என்று ஒரே வரியில் எழுதுவதை இந்தச் சாய்கோடுகளே தடுத்துவிடும்.

இப்போது ஊர்கள்:

மொகஞ்சதாரோ (7.3, 9.3)
ஹரப்பா (11.6, 12.6)
ராகிகடி (14.5, 11.3)
கன்வேரிவாலா (10, 10.6)
தோலாவிரா (9.2, 5.9)
காலிபங்கன் (12.7, 11.5)
லோத்தல் (11, 4.5)
சுட்காகன் தோர் (1.8, 7.5)
ஷார்டுகை (8.6, 19.3)
ஆலம்கிர்பூர் (15.8, 11)

முதல் ஐந்தும் பெருநகரங்கள். பெரிய புள்ளி வையுங்கள். சரிபார்க்க, ஹரப்பாவுக்கும் மொகஞ்சதாரோவுக்கும் நடுவே அளவுகோலை வையுங்கள். 5.4 செ.மீ., அதாவது 600 கி.மீ. வர வேண்டும். சுட்காகன் தோரிலிருந்து ஆலம்கிர்பூர் 14.4 செ.மீ., சுமார் 1,600 கி.மீ. அரை செ.மீ.க்கு மேல் பிசகினால் பெரும்பாலும் 0.9-ஆல் பெருக்க மறந்திருப்பீர்கள்.

தோலாவிரா கட்ச் உப்புநிலத்தில், காதிர் தீவில் இருக்கிறது. பேராறு எதுவும் பக்கத்தில் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மான்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளை அணைகட்டித் திருப்பி, மதிலுக்குள் நீர்த்தேக்கங்களை நிரப்பினார்கள். ஷார்டுகை ஏன் அவ்வளவு தள்ளி, அமு தரியா அருகே கிடக்கிறது என்பது மூலப்பொருள் அம்புகளைப் போட்டதும் புரியும். லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் அதன் பக்கத்துப் பதக்‌ஷானில் கிடைக்கிறது. செம்பு ஆரவல்லியிலிருந்தும் ஓமானிலிருந்தும், செர்ட் என்ற கடினக் கல் சக்கரை ஒட்டிய ரோரி குன்றுகளிலிருந்தும், சூதுபவளம் குஜராத்திலிருந்தும், சங்கு கடற்கரையிலிருந்தும் வந்தன. இடது ஓரத்துக்கு வெளியே ஓர் அம்பு மெசொப்பொத்தேமியாவுக்கு. மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் நின்றதாக அக்காத் மன்னன் சார்கோன் பெருமை பேசியிருக்கிறான். மெலுஹா சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

தாளின் பின்பக்கம் மொகஞ்சதாரோவுக்கு. மேற்கே உயரமான மேடு, கிழக்கே பரந்த கீழ்நகரம். படங்களில் மேட்டின் உச்சியில் தெரியும் ஸ்தூபி சிந்துவெளிக் காலத்ததல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து வந்த பௌத்தக் கட்டடம். அதை வரைந்து ‘கோயில்’ என்று எழுதுபவர்கள் ஏராளம். அதற்குப் பக்கத்தில் பெருங்குளம்: 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம், நீர் கசியாமல் தார் போன்ற கீல் பூச்சு.

வீடு ஒன்றைத் தனியாகப் பெரிதாக்குங்கள். நடுவில் முற்றம், வாசல் பக்கத்துச் சிறு சந்துப் பக்கமாக, தெருச்சுவரை ஒட்டிக் குளியல் தளம், அங்கிருந்து தெருச் சாக்கடைக்கு ஒரு போக்கு. செங்கல் 7 × 14 × 28 செ.மீ., அதாவது 1:2:4. இரண்டு கல்லைக் குறுக்காக வைத்தால் ஒரு கல்லின் நீளம் சரியாக வரும். ஒரு வரி நெடுக்கு, அடுத்த வரி குறுக்கு என்று மாற்றி அடுக்கிச் சுவரைப் பிணைக்க முடிந்தது இதனால்தான். எடைக்கற்களிலும் இதே ஒழுங்கு: மிகச் சிறியது 0.86 கிராம் அளவு, பிறகு இரண்டிரண்டு மடங்காக ஏறும். அதிகம் கிடைப்பது 16 மடங்கான 13.7 கிராம் கல்.

இத்தனை தொலைவில் இருந்த ஊர்களும் ஒரே எடையை ஏற்றிருந்தன. யார் கட்டளையால் என்பதற்கு மட்டும் சான்று இல்லை. எனவே ‘அரண்மனை’ என்று எதையும் குறிக்க வேண்டாம். ‘பூசாரி-அரசன்’ 17.5 செ.மீ. உயரமுள்ள மாக்கல் சிற்பம். பெயர் பின்னால் வந்தவர்கள் வைத்தது. ‘தானியக் களஞ்சியம்’, லோத்தலின் ‘கப்பல்துறை’ இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். மொழி என்ற இடத்திலும் அதே குறிதான். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் சிந்து எழுத்தின் 417 குறியீடுகளைத் தொகுத்தார். எழுத்தைப் படித்துக்காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. திராவிட மொழி என்ற கருதுகோள் வலுவானது என்றாலும், விளக்கப் பெட்டியில் ‘தமிழ்’ என்று எழுதப் பரிசு வழங்கப்படும்வரை பொறுக்கலாம்.

கடைசியாக ட்ரேஸ் தாள். அடித்தாளில் உள்ளது நகரங்கள் ஓங்கிய கி.மு. 2600–1900 மட்டும். 1900-க்குப் பின் வந்தவற்றை மேல்தாளில் வரையுங்கள்: பெருநகரங்கள் வெறிச்சோட, சிற்றூர்கள் கிழக்கே யமுனைப் பக்கமும் குஜராத்திலும் பெருகுகின்றன. மகாராஷ்டிரத்துத் தைமாபாத் (13.2, 1.5) சேர வேண்டியது இந்தத் தாளில், அடித்தாளில் வைத்தால் நகரக் காலத்தின் தெற்கெல்லை தப்பாகக் கீழே இறங்கிவிடும்.